பஞ்சு பிரித்த பற்கள்

வெடித்த பருத்திக்காயிலிருந்து ஒரு சுளையை எடுத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது பஞ்சு மட்டும்தான். தராசில் வைத்தால் கதை வேறு. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கொட்டை. ஒவ்வொரு இழையும் அந்தக் கொட்டையின் தோலிலிருந்தே வளர்வதால், அதைப் பிய்த்தெடுக்காமல் நூற்க வழியில்லை. பருத்தி விளைந்த நாடுகள் எல்லாமே இந்த வேலைக்கு ஏதாவது ஒரு கருவியைச் செய்துகொண்டன. அவற்றில் ஒன்று, அமெரிக்காவின் தென்பகுதியில் 1793இல் உருவான ஜின் இயந்திரம், பல லட்சம் மனிதர்களின் தலைவிதியைத் திருப்பிப் போட்டது. வேலையைக் குறைக்க வந்த கருவி எப்படி அடிமைத்தனத்தைப் பெருக்கியது என்பதுதான் அதன் வரலாறு.

கருவியின் முன்னோர்கள் இந்தியாவில் பிறந்தவர்கள். தட்டையான கல்லில் கொட்டையோடு இருக்கும் பருத்தியைப் பரப்பி, அதன்மேல் ஓர் உருளையை உருட்டிக் கொட்டையைப் பிதுக்கி எடுப்பதுதான் மிகப் பழைய முறை. அஜந்தா ஓவியம் ஒன்றில் இந்த வேலை நடப்பதை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். பிறகு இரட்டை உருளைக் கருவி வந்தது. கரும்பு பிழியும் உருளைகளைப் போல இரண்டும் எதிரெதிராகச் சுழலும். பஞ்சு நடுவே நுழைந்து மறுபக்கம் போய்விடும், கொட்டை நுழைய முடியாமல் இந்தப் பக்கமே விழும். இதே வகைக் கருவி மேற்கிந்தியத் தீவுகளிலும் ஜார்ஜியா, தென் கரோலினா கடற்கரைத் தீவுகளிலும் பழக்கத்தில் இருந்தது. அங்கே விளைந்த நீண்ட இழைப் பருத்தியின் கொட்டை வழவழப்பானது, உருளைக்குச் சுலபமாக விட்டுக்கொடுக்கும். ஆனால் அந்தப் பருத்தி கடல் காற்று படும் குறுகிய நிலப்பரப்பில்தான் நன்றாக வரும்.

உள்நாட்டு மண்ணில் எங்கும் வளரக்கூடியது குட்டை இழைப் பருத்தி. அதன் பச்சைக் கொட்டையைச் சுற்றி மயிர் போன்ற சிம்புகள் அடர்ந்திருக்கும், இழை இறுகப் பிடித்துக்கொள்ளும். உருளைக்கு அது பணியவில்லை. கையால் பிரித்தால் ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு ராத்தல் பஞ்சு, அதாவது அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவாகத்தான் எடுக்க முடிந்தது. கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் ஆர்க்ரைட்டின் நீர்ச்சட்டமும் கிராம்ப்டனின் மியூல் இயந்திரமும் நூலைக் கொட்டிக் கொண்டிருந்தன. அவற்றுக்குத் தீனி போடப் பஞ்சு வேண்டும். நிலம் இருந்தது, வாங்க ஆள் இருந்தது, இடையில் நின்றது அந்தப் பச்சைக் கொட்டை.

மல்பெரி குரோவ், 1793

எலி விட்னி மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காரர், 1765இல் பிறந்தவர். யேல் கல்லூரியில் படித்து முடித்து 1792இல் ஆசிரியர் வேலை தேடித் தெற்கே வந்தவர், சவானா நகருக்கு அருகே மல்பெரி குரோவ் தோட்டத்தில் தங்கினார். தோட்டம் விடுதலைப் போர்த் தளபதி நத்தானியேல் கிரீனின் விதவை கேத்தரின் கிரீனுக்குச் சொந்தம். போர்ச் சேவைக்குப் பரிசாக ஜார்ஜியா அரசு கிரீனுக்குக் கொடுத்த நிலம் அது. அங்கே உழைத்தவர்கள் அடிமைகள். தோட்டத்து மேலாளர் ஃபினியஸ் மில்லர், விட்னிக்குப் பணத் துணையாகக் கூட்டுச் சேர்ந்தார்.

விட்னி செய்த கருவி வெறும் பெட்டிதான். உள்ளே ஒரு மர உருளை, அதில் வரிசை வரிசையாகக் கம்பிக் கொக்கிகள். உருளைக்கு முன்னால் குறுகிய இடைவெளிகள் விட்ட ஒரு தடுப்பு. கைப்பிடியைச் சுற்றினால் கொக்கிகள் இழையைக் கவ்வி இடைவெளி வழியாக இழுத்துப் போகும். இடைவெளியைவிடப் பெரிதான கொட்டை அங்கேயே நின்று கீழே உதிரும். பின்னால் எதிர்ப்பக்கமாக வேகமாகச் சுழலும் தூரிகை, கொக்கிகளில் சிக்கிய பஞ்சைத் துடைத்துத் தள்ளும். பழைய உருளை கொட்டையை நசுக்கிப் பிதுக்கியது. இந்தப் பற்கள் கொட்டையை விட்டுவிட்டு இழையைப் பிடுங்கின. இழை கொஞ்சம் சேதமாகும், ஆனால் வேகம் அதைச் சரிக்கட்டிவிடும். கையால் சுற்றும் சிறிய ஜின்னில் ஒரே ஆள் ஒரு நாளில் 50 ராத்தல் பஞ்சு எடுக்கலாம் என்று விட்னி கணக்குச் சொன்னார். தண்ணீராலோ குதிரையாலோ ஓட்டினால் இன்னும் கூடும். காப்புரிமை 1794 மார்ச் 14 அன்று கிடைத்தது.

விட்னியும் மில்லரும் இயந்திரத்தை விற்க விரும்பவில்லை. பருத்தியைத் தங்களிடம் கொண்டுவரச் சொல்லி, பிரித்த பஞ்சில் ஐந்தில் இரண்டு பங்கைக் கூலியாகக் கேட்டார்கள். தோட்டக்காரர்கள் கொதித்தார்கள். கருவியோ எந்த ஊர்த் தச்சரும் கொல்லரும் ஒருமுறை பார்த்தால் செய்துவிடக்கூடியது. எங்கும் நகல்கள் முளைத்தன. அகஸ்டா நகரத்து ஹாட்ஜன் ஹோம்ஸ் கம்பிக் கொக்கிகளுக்குப் பதிலாக வட்ட ரம்பத் தகடுகளைக் கோத்து 1796இல் தனிக் காப்புரிமை வாங்கினார். பின்னால் உலகம் அறிந்த ரம்ப ஜின் அந்த வடிவமே. 1795இல் விட்னியின் நியூ ஹேவன் பட்டறை தீக்கிரையானது. வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தன. தென் கரோலினா அரசு உரிமைக்காக 50,000 டாலர் தர ஒப்புக்கொண்டது. 1812இல் காப்புரிமையைப் புதுப்பிக்கக் காங்கிரஸ் மறுத்துவிட்டது. விட்னி துப்பாக்கி உற்பத்திக்குத் திரும்பிப் பிழைத்துக்கொண்டார். அவர் கையைவிட்டுப் போன கருவி தென்பகுதி முழுக்கப் பரவியது.

மேற்கு நோக்கிய சங்கிலி

1790இல் அமெரிக்காவில் விளைந்த பருத்தி சுமார் 3,000 பொதி. 1860இல் அது 40 லட்சம் பொதியைத் தொட்டது. முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 1790இல், அடிமைகள் ஏறத்தாழ 7 லட்சம் பேர். 1860இல் 39 லட்சத்து 53 ஆயிரத்துக்கும் மேல். இரண்டு கோடுகளும் ஒன்றாகவே ஏறின.

ஜின் வராதிருந்தால் அடிமைத்தனம் தானாக மடிந்திருக்கும் என்று சிலர் எழுதுவதுண்டு. அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. கடற்கரையில் நெல்லும், லூசியானாவில் கரும்பும் அடிமை உழைப்பில்தான் விளைந்தன. அரசியல் சாசனமே 1808 வரை அடிமைகளை இறக்குமதி செய்ய இடம் கொடுத்திருந்தது. சட்டமும் நிலமும் சாட்டையும் ஏற்கனவே தயாராக இருந்தன. ஜின் அவற்றுக்குப் பெரிய லாபத்தின் வாசலைத் திறந்துவிட்டது.

அந்த வாசலுக்கு அப்பால் வேறு மனிதர்களின் நிலம் இருந்தது. அலபாமா, மிசிசிப்பி பகுதிகளின் கரிசல் மண்ணில் கிரீக், சோக்டா, சிக்கசா மக்கள் வாழ்ந்தார்கள். வடக்கு ஜார்ஜியாவில் செரோக்கி மக்கள். 1830இல் காங்கிரஸ் நிறைவேற்றிய வெளியேற்றச் சட்டத்துக்குப் பிறகு அவர்கள் கூட்டம் கூட்டமாக மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே விரட்டப்பட்டார்கள். 1838இல் தொடங்கிய செரோக்கி வெளியேற்றத்தில் மட்டும் சுமார் 4,000 பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். காலி செய்யப்பட்ட நிலம் ஏலத்துக்கு வந்தது. வாங்கியவர்கள் பருத்தி விதைத்தார்கள்.

விதைக்கவும் களை வெட்டவும் காய் எடுக்கவும் ஆள் எங்கிருந்து வந்தது? வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற மாநிலங்களில் புகையிலை மண் சோர்ந்து போயிருந்தது. அங்கே அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு இப்போது மனிதர்களே விற்பனைச் சரக்கானார்கள். 1808இல் ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதி தடை செய்யப்பட்டதும் உள்நாட்டுச் சந்தையின் விலை மேலும் ஏறியது. 1790க்கும் 1860க்கும் இடையில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பழைய மாநிலங்களிலிருந்து பருத்தி மாநிலங்களுக்கு இடம் மாற்றப்பட்டார்கள். எஜமானர்களோடு போனவர்கள் ஒரு பகுதி, வியாபாரிகளிடம் விற்கப்பட்டவர்கள் பெரும்பகுதி. அலெக்ஸாண்ட்ரியாவில் வாங்கி நாட்செஸ், நியூ ஆர்லியன்ஸ் சந்தைகளில் விற்ற ஃபிராங்க்ளின் ஆர்ம்ஃபீல்ட் நிறுவனம் இந்தத் தொழிலில் கொழித்தது.

சார்லஸ் பால் என்ற அடிமை 1805இல் மேரிலாந்தில் விற்கப்பட்டார். தன்னோடு கூட்டப்பட்டவர்கள் 32 ஆண்கள், 19 பெண்கள் என்று பின்னாளில் தன் வரலாற்றில் எழுதினார். பெண்களைக் கழுத்தில் கயிற்றால் பிணைத்தார்கள். ஆண்களுக்குக் கழுத்தில் இரும்பு வளையம், வளையங்களைக் கோத்து ஒரே நீளச் சங்கிலி, போதாததற்குக் கைவிலங்கு. தென் கரோலினா வரை நடை. புறப்படுமுன் மனைவியையும் பிள்ளைகளையும் ஒருமுறை பார்க்க விடுங்கள் என்று கெஞ்சினார். ஜார்ஜியாவில் வேறு மனைவி கிடைப்பாள் என்று பதில் வந்தது. பொதிகளின் எண்ணிக்கை ஏறிய ஒவ்வொரு வருடமும் இப்படிப் பிரிக்கப்பட்ட குடும்பங்கள் அந்த எண்ணிக்கைக்கு அடியில் கிடந்தன.

ஜின் கொட்டகையில் தராசு

தோட்டத்து ஜின் கொட்டகை பெரும்பாலும் இரண்டு தளம். கீழே கோவேறு கழுதைகள் வட்டமாக நடந்து பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். மேலே ரம்பத் தகடுகள் சுழலும். பிரிந்த பஞ்சு பக்கத்து அறைக்குள் பறந்து குவியும். வெளியே நீண்ட மரக் கைகள் கொண்ட திருகு அழுத்தி, பஞ்சை இறுக்கிப் பொதியாக்கும். காற்று முழுக்கப் பஞ்சுத் தூசி, ஒரு பொறி பட்டால் கொட்டகையே எரிந்துவிடும். ரம்பத்தில் அடைத்த பஞ்சை எடுக்கப் போய்க் கையை இழந்தவர்கள் பலர்.

இயந்திரத்தின் வேலை இவ்வளவுதான். ஒரே ஒரு ஜின் அறுவடைக் காலம் முழுவதும் ஓடி ஒரு பெரிய தோட்டத்தின் பருத்தியைப் பிரித்துவிடும். ஆனால் அந்த ஜின்னுக்குப் பருத்தி வந்து சேர, காடு முழுக்க மனிதக் கைகள் வேண்டும். கொட்டை பிரிக்கும் வேலையிலிருந்து விடுபட்ட கைகளுக்கு ஓய்வு வரவில்லை. அவை காய் எடுக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டன, கூடவே இன்னும் லட்சக்கணக்கான கைகள் வாங்கப்பட்டன. காய் எடுப்பதற்கு இயந்திரம் வர இன்னும் நூற்றைம்பது வருடம் இருந்தது.

நியூயார்க் மாநிலத்தில் சுதந்திர மனிதராகப் பிறந்து, 1841இல் கடத்தி விற்கப்பட்ட சாலமன் நார்த்தப் லூசியானாவின் பாயூ பியூஃப் பகுதியில் பன்னிரண்டு வருடம் அடிமையாக இருந்தார். அவர் 1853இல் வெளியிட்ட நூல் இந்தக் கொட்டகையின் மாலை நேரத்தைக் காட்டுகிறது. ஒருவருக்கு ஒரு நாள் கணக்கு 200 ராத்தல், ஏறத்தாழ 90 கிலோ. இருட்டிய பிறகு கூடைகளைச் சுமந்துகொண்டு எல்லோரும் ஜின் கொட்டகைக்கு வரவேண்டும். எவ்வளவு களைத்திருந்தாலும் அந்தத் தராசை நோக்கி யாரும் பயமில்லாமல் நடந்ததில்லை என்கிறார். எடை குறைந்தால் சாட்டையடி. பத்து, இருபது ராத்தல் கூடினாலும் நிம்மதியில்லை, மறுநாள் முதல் அந்த அளவே அவருடைய புதிய கணக்காகிவிடலாம். குறைந்தாலும் அச்சம், கூடினாலும் அச்சம். எடை போட்டு முடிந்த பிறகுதான் கழுதைக்குத் தீனி, பன்றிக்குத் தீனி, விறகு வெட்டல், கடைசியாகத் தங்கள் குடிசையில் அடுப்பு. பேட்ஸி என்ற பெண்ணின் விரல் வேகத்துக்கு ஈடில்லை, ஒரு நாளில் 500 ராத்தல் எடுத்துவிடுவாள் என்று அவர் எழுதுகிறார். அந்தத் திறமை அவளை எஜமானின் வக்கிரத்திலிருந்தும் சாட்டையிலிருந்தும் காப்பாற்றவில்லை.

1800க்கும் 1860க்கும் இடையே ஒருவர் ஒரு நாளில் எடுக்கும் பருத்தி சுமார் நான்கு மடங்கானது. மெக்சிகோவிலிருந்து வந்த புதிய ரகங்களின் காய் பெரிதாக விரிந்து கைக்கு எளிதாக வந்ததே காரணம் என்கிறார்கள் பொருளாதார வரலாற்றாளர்கள் ஓம்ஸ்டெட், ரோட். தராசும் சாட்டையும் சேர்ந்த கொடுமையே காரணம் என்கிறார் வரலாற்றாளர் எட்வர்ட் பாப்டிஸ்ட். விதை முக்கியம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் எந்தக் காரணத்தால் எடுக்கும் அளவு கூடினாலும் அதில் ஒரு காசு கூட எடுத்தவர் கைக்குப் போகவில்லை. நல்ல விதை வந்ததும் அன்றாடக் கணக்குத்தான் உயர்ந்தது.

யாருடைய வளர்ச்சி

பொதி ஆற்றில் இறங்கி நியூ ஆர்லியன்ஸ், மொபைல், சார்ல்ஸ்டன் துறைமுகங்களுக்குப் போனது. அங்கிருந்து பெரும்பகுதி லிவர்பூலுக்கு, பிறகு மான்செஸ்டரைச் சுற்றியிருந்த லங்காஷயர் ஆலைகளுக்கு. 1860 வாக்கில் பிரிட்டன் வாங்கிய பருத்தியில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்காவிலிருந்து வந்தது. அமெரிக்க ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி. வட மாநிலங்களும் விலகி நிற்கவில்லை. கப்பல், காப்பீடு, கடன் எல்லாவற்றிலும் நியூயார்க்கின் கை இருந்தது. மாசசூசெட்ஸின் லோவல் நகரத்து ஆலைகள் அதே பஞ்சில் ஓடின. ரோட் தீவு ஆலைகள் அடிமைகள் உடுத்துவதற்கென்றே முரட்டுத் துணி நெய்து தெற்கே விற்றன. மனிதர்களை அடமானம் வைத்துக் கடன் வாங்கும் பழக்கம் வங்கிகளின் அன்றாட வேலையாக இருந்தது. லூசியானா தோட்டக்காரர்கள் 1827இல் தொடங்கிய வங்கி அப்படிப்பட்ட அடமானத்தின் மேல் வெளியிட்ட கடன் பத்திரங்களை லண்டனின் பேரிங் நிறுவனம் ஐரோப்பாவில் விற்றுக்கொடுத்தது.

உலக முதலாளித்துவமே இந்தப் பருத்தியின் மேல் எழுந்தது என்று வரலாற்றாளர் ஸ்வென் பெக்கர்ட் போன்றவர்கள் எழுதுகிறார்கள். கேவின் ரைட் போன்ற பொருளாதார வரலாற்றாளர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. அடிமைகள் இல்லாமல் சிறு விவசாயிகளே பருத்தியை விளைவித்திருக்க முடியும், விடுதலைக்குப் பிறகு 1880 வாக்கில் உற்பத்தி உள்நாட்டுப் போருக்கு முந்தைய அளவைத் தாண்டியதே அதற்குச் சான்று என்பது அவர்கள் வாதம். இந்த வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது. அது குற்றத்தின் கனத்தைக் கூட்டவே செய்கிறது. அடிமைத்தனம் இல்லாமலும் உலகத்துக்குத் துணி கிடைத்திருக்கும் என்றால், பத்து லட்சம் பேரைப் பிரித்து விற்றதற்குத் தேவை என்ற சாக்கும் இல்லை. தோட்டக்காரர்களின் லாபத்துக்கு அது வேண்டியிருந்தது, அவ்வளவே.

தென்பகுதிக்கு அதனால் வளர்ச்சி வந்ததா? பணம் வந்தது. 1860இல் அடிமைகளின் சந்தை மதிப்பு நாட்டின் ரயில்வேயும் தொழிற்சாலைகளும் சேர்ந்த முதலீட்டைவிட அதிகம். ஆனால் லாபம் திரும்பவும் நிலத்திலும் மனிதர்களை வாங்குவதிலுமே போனது. நகரங்கள் சிறியவை, ஆலைகள் சிலவே, பள்ளிகள் குறைவு. அடிமைக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பது பல தென் மாநிலங்களில் குற்றம். மிசிசிப்பியில் நெட் என்ற அடிமை பருத்திக் காட்டில் களை எடுக்கும் ஒரு கருவியைக் கண்டுபிடித்தார். எஜமானர் காப்புரிமை கேட்டார். அடிமை கண்டுபிடித்த பொருளுக்குக் காப்புரிமை தர வழியில்லை என்று 1858இல் அரசின் தலைமை வழக்கறிஞர் கருத்துச் சொல்லிவிட்டார். விட்னிக்குப் பதினான்கு வருடக் காப்புரிமை கொடுத்த அதே நாட்டில் நெட்டுக்குத் தன் மூளைக்குக் கூட உரிமை இல்லை. இப்படிப்பட்ட எத்தனை மூளைகளை அந்தப் பொருளாதாரம் மண்ணில் புதைத்ததோ, அந்த இழப்பு எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் வராது.

போரும் நம் ஊர்ப் பருத்தியும்

பருத்திக்கு ஒரே நாட்டை நம்பியிருப்பது ஆபத்து என்று பிரிட்டனுக்கு முன்பே தெரியும். அதனால் கிழக்கிந்தியக் கம்பெனி 1840களில் அமெரிக்கத் தோட்டக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தி, அவர்களுடைய விதையோடும் ரம்ப ஜின்களோடும் இந்தியாவுக்குக் கூட்டி வந்தது. கோயம்புத்தூரில் அந்தச் சோதனைப் பண்ணைகளைத் தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1842 முதல் 1853 வரை மேற்பார்த்தார். முயற்சி பெரிதாகப் பலிக்கவில்லை. நம் நாட்டுக் குட்டை இழைப் பருத்திக்கு அந்த ரம்பப் பற்கள் ஒத்துவரவில்லை, இழை அறுந்தது. உருளை முறையைத் திருத்தி அலபாமாவின் ஃபோன்ஸ் மெக்கார்த்தி 1840இல் காப்புரிமை பெற்ற ரோலர் ஜின்தான் பின்னால் இங்கே வேரூன்றியது. இன்றும் இந்திய ஜின்னிங் ஃபேக்டரிகளில் பெரும்பாலும் ஓடுவது உருளைதான்.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. வடக்குக் கடற்படை தெற்குத் துறைமுகங்களை மறித்தது. லங்காஷயர் ஆலைகள் நின்றன, லட்சக்கணக்கான தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். இந்தியப் பருத்தி விலை எகிறியது, பம்பாயில் பணம் புரண்டது. போர் முடிந்து 1865இல் விலை சரிந்தபோது அங்கே வங்கிகளும் கம்பெனிகளும் கவிழ்ந்தன. அதே வருடம் டிசம்பரில் பதின்மூன்றாவது சட்டத் திருத்தம் அமெரிக்காவில் அடிமைத்தனத்தை ஒழித்தது.

ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. நிலம் பழைய கைகளிலேயே இருந்ததால், விடுதலை பெற்றவர்கள் வாரத்துக்கு உழுதார்கள். விதை, உரம், உணவு எல்லாம் கடனில். அறுவடைக்குப் பிறகு கணக்குப் புத்தகத்தை வைத்திருந்தவர் சொன்னதே கணக்கு. பெரும்பாலான வருடங்களில் உழைத்தவர் பெயரில் கடன்தான் மிச்சம். 1940களில் காய் எடுக்கும் இயந்திரம் வந்து பரவத் தொடங்கியபோது, நூற்றைம்பது வருடம் தேவைப்பட்ட அந்தக் கைகள் ஒரே தலைமுறையில் தேவையற்றவையாயின. தெற்கின் இனக்கொடுமை முன்பிருந்தே விரட்ட, பிறகு வேலை போனதும் சேர்ந்துகொள்ள, 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் என்று வடக்கேயும் மேற்கேயும் குடிபெயர்ந்தார்கள்.

கருவியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது சுலபம், ஆனால் அது நியாயமில்லை. மரப்பெட்டிக்கும் கம்பிக்கும் யாரையும் விற்கத் தெரியாது. மிச்சமான உழைப்பு நேரம் யாருக்குச் சேரும் என்பதைச் சட்டமன்றமும் வங்கியும் நிலப் பட்டாவும் சாட்டையும் தீர்மானித்தன. ஒரு நாள் வேலை ஒரு மணி நேரமானால், மீதி நேரம் உழைப்பவருக்கே சொந்தமாக இருக்கும் ஊரில் அது ஓய்வாகலாம், படிப்பாகலாம், கூடுதல் கூலியாகலாம். அவருடைய உடலே இன்னொருவருக்குச் சொந்தமாக இருந்த ஊரில் அது இன்னும் நாற்பது ஏக்கர் பருத்தியாக, விற்கப்படும் இன்னொரு மனிதராக மாறியது. 1860இல் மிசிசிப்பியின் மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அடிமைகள், உலகத்தின் பருத்திச் செல்வம் அங்கே குவிந்திருந்தது. இன்று அமெரிக்க மாநிலங்களின் சராசரி வருமானப் பட்டியலில் மிசிசிப்பி கடைசிப் படியில் நிற்கிறது. உழைத்தவரிடம் சேராத செல்வம் அந்த மண்ணிலும் தங்கவில்லை. புதிய இயந்திரம் எந்த ஊருக்கு வந்தாலும், அது எத்தனை கைகளின் வேலையைச் செய்யும் என்று கேட்பதற்கு முன்னால், அந்தக் கைகளுக்கு உரியவர்களுக்கு அங்கே என்ன உரிமை இருக்கிறது என்று நாம் கேட்க வேண்டும்.